எட்டாவது சட்டை

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். மைசூர் ஹெப்பாளில் நான் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் கம்பெனியில், நான் விட்டுவந்த இடத்தில் இப்போது அவள்தான் செக்கர். தைத்த சட்டைகளைப் பார்த்துக் குறை சொல்லுகிற வேலை.

"அக்கா, நம்ம லைனுக்கு கேமரா வந்துருச்சு. சட்டையை அதுக்குக் கீழ வச்சா, நல்லா இருந்தா பச்ச லைட்டு. இல்லன்னா சிவப்பு லைட்டு" என்றாள்.

"மஞ்சள்?"

"மஞ்சள் கிடையாதுக்கா. ரெண்டே லைட்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள் இல்லாத இடத்தில் நான் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் அவளும் போன் செய்திருக்கிறாள். கம்பெனியில் எனக்கு மஞ்சக்கா என்றுதான் பேர். ராஜாமணி என்கிற பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பவித்ரா இன்னொரு விஷயமும் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அவளுடைய சித்தப்பா இருக்கிற தமிழ்ச் சங்கத்தில் மலர் போடுகிறார்களாம், வேலைக்குப் போன பெண்கள் எழுதலாமாம். மேடையில் வந்து பேசச் சொல்லியிருந்தால் காய்ச்சல் என்று சொல்லியிருப்பேன். எழுதுவதில் ஒரு சௌகரியம், வாயை முந்தானையால் மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு ஊர் ஹனூர் பக்கம். படிப்பு ஐந்தாவது. ஆறாவதுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். பெண் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் இறங்குகிற இடத்தில் இறங்காது என்று எங்கள் அப்பா உறுதியாக நம்பினார். என்னைக் கேட்டிருந்தால் சரியாக இறங்கியிருப்பேன் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அப்புறம் மைசூருக்குக் கல்யாணம் செய்து அனுப்பினார்கள். அதற்கும் பஸ்ஸில்தான் அனுப்பினார்கள்.

வீட்டுக்காரர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நல்ல மனிதர், ஒரு கெட்ட வார்த்தை சொன்னது கிடையாது. ஆனால் நான் "இந்தப் பக்கம் போகணும்" என்று சொன்னால், எதிரில் வருகிற ஆளிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். எதிரில் வருகிறவன் ஊருக்குப் புதுசாக இருந்தாலும் பரவாயில்லை. பெயின்ட் கலர் அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய சுவருக்கு எது ஒத்துவரும் என்று என்னைப் பார்க்கச் சொல்வார். நான் காட்டுகிற கலர் சரியாக இருக்கும். வீட்டு ஓனரிடம், "இருவது வருசம் சர்வீஸு சார்" என்பார். யாருடைய சர்வீஸ் என்று சொல்வதில்லை. மாமியார் இருந்தவரை உப்பு போதுமா என்று அவரைத்தான் கேட்டேன். அவர் போன பிறகும் ரொம்ப நாள், ருசி பார்த்துவிட்டு யாரையாவது கேட்கலாமா என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவளைத்தான் கம்பெனியில் செக்கர் ஆக்கினார்கள்.

முதல் ஆறு வருஷம் நூல் வெட்டினேன். தைத்து வருகிற சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டுகிற ஹெல்பர் வேலை. வெட்டும்போது கண்ணில் படுகிற குறைகளை மெதுவாகப் பக்கத்துப் பெண்ணிடம் சொல்வேன். அவள் அதைச் சத்தமாகச் சொல்வாள். ஒரு நாள் குவாலிட்டி இன்சார்ஜ் சிவண்ணா சார் இதைக் கவனித்துவிட்டு, "இந்த அம்மாவைச் செக்கர் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆபீஸில் கூப்பிட்டுப் படிப்பு என்ன என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் லைன் சூப்பர்வைசர் வேணு, "டென்த்துன்னு போட்டுக்கங்க சார்" என்றார். செக்கருக்கு டென்த் இருக்க வேண்டுமாம். சர்டிபிகேட் அப்புறம் தருவார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். பின்னால் வரிசை நின்றது. நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. எழுதிக்கொண்டார்கள். அப்புறம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் வேணு சொன்னார். "மேடம், ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. சிவப்பு அட்ட போட்டா ரிப்போர்ட் எழுதணும். அதுல பேரு, படிப்பு எல்லாம் போட்டுக் கையெழுத்து. ஆபீஸ்ல ஃபைலோட ஒத்துப் பாப்பாங்க. பாத்து இருந்துக்கங்க."

பார்த்து இருந்துகொண்டேன். அந்த ஒரு வார்த்தையில் நாலு வருஷம் ஓட்டினேன்.

வேலை எப்படி என்றால், லைனில் ஒவ்வொரு மிஷினுக்கும் தலைக்கு மேலே ஒரு கொக்கி இருக்கும். என் கழுத்தில் ஒரு பை, அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள். எனக்குப் பன்னிரண்டு மிஷின். காலையில் இரண்டு சுற்று, மதியம் இரண்டு சுற்று. ஒவ்வொரு மிஷினிலும் தைத்து முடித்த குவியலில் இருந்து ஏழு சட்டை எடுக்க வேண்டும். எடுக்கும்போது கண் வேறு பக்கம் இருக்க வேண்டும், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. முதலில் உள்பக்கம் திருப்பித் தையல் பார்க்க வேண்டும். பிறகு வெளிப்பக்கம். கடைசியில் டேப் வைத்து அளவு. ஏழும் நன்றாக இருந்தால் பச்சை அட்டை. ஒன்றில் குறை இருந்தால் மஞ்சள், அதாவது ஜாக்கிரதை. இரண்டில் குறை வந்துவிட்டால் சிவப்பு. சிவப்பு தொங்கினால் மிஷின் நிற்கும். மெக்கானிக் வருவார், சூப்பர்வைசர் வருவார், தைக்கிற பெண் எழுந்து நிற்பாள், லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

ஏழில் இரண்டு குறை வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? ஒன்றைத் திரும்பக் குவியலில் வைத்துவிட்டு எட்டாவதாக ஒரு சட்டை எடுப்பேன். அது நன்றாக இருந்தால் ஏழில் ஒன்றுதான் குறை, மஞ்சள் போட்டுவிடலாம். அதுவும் சரியில்லை என்றால் ஒன்பதாவது. நம் கண்தான் தப்பாகப் பார்த்திருக்கும், டென்த் படித்த செக்கருக்கு இது குறையாகத் தெரியாதோ என்னமோ என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெண்ணின் காதில் மட்டும், "நூல் கொஞ்சம் லூசா வருது, பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்வேன். முழுசாகப் பச்சை போடவும் பயம். நாளைக்கு ஏதாவது வந்தால்? அதனால் எங்கும் மஞ்சள், எப்போதும் மஞ்சள்.

சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற செல்வி கொள்ளேகால்காரி, வாய் சும்மா இருக்காது. நான் வரும்போதே ஆரம்பித்துவிடுவாள். "மஞ்சக்கா வந்தாச்சுங்கோ. எல்லாரும் பூசிக் குளிக்கிறவங்க வரிசையில வாங்க."

"சும்மா இருடி" என்பேன், முந்தானைக்குள்ளிருந்து.

"ஏனுங்கக்கா, உங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் மஞ்சள்தான் காட்டினீங்களா?"

உண்மையில் அன்றைக்கு என்னை யாரும் எந்த அட்டையும் கேட்கவில்லை.

வேணுவுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். லைனை நிறுத்தாத செக்கர் எந்த சூப்பர்வைசருக்குப் பிடிக்காது? வேணுவுக்குச் சந்தேகம் என்கிற வியாதியே கிடையாது. ஒரு தடவை காலர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார், எல்லோர் முன்னாலும் தெரிந்துபோயிற்று. டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "இந்த டேப்பு தப்பு" என்றார். புது டேப் வந்தது. அதுவும் அதே அளவைத்தான் காட்டியது. "இதுவும் தப்பு" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை, பொறாமைதான். அவருக்கும் படிப்பு எட்டாவதுதான் என்று பிறகு தெரிந்தது. அவர் ஃபைலில் என்ன எழுதியிருந்தார்களோ.

சிவண்ணா சார் வேறு மாதிரி ஆள். மண்டியாக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். எதைச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேஜைமேல் கிடக்கிற வெட்டுத்துணியால் துடைத்துக்கொண்டே, "ஹௌதா?" என்பார். கன்னடத்தில் 'அப்படியா' என்று அர்த்தம். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். மற்றவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்கு அது கோர்ட்டில் கேட்கிற மாதிரி இருக்கும். "சார், பாக்கெட் கொஞ்சம் கோணலா இருக்கு" என்பேன். "ஹௌதா?" என்பார். "இல்லாமலும் இருக்கலாம் சார்" என்று வந்துவிடுவேன்.

கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு ஒரு சட்டம் போட்டார், எனக்கு மட்டும். எனக்குச் சந்தேகம் வருகிற சட்டையை இடது தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். சரி, இல்லை என்று முடிவு தெரிகிற வரை கீழே வைக்கக் கூடாது. "மேஜைமேல் வச்சா மறந்துபோகும். தோள்ல இருந்தா கனக்கும்" என்றார். முதல் நாள் மத்தியானத்துக்குள் என் தோளில் ஆறு சட்டை. டீ குடிக்கப் போனாலும் அதோடுதான். "அக்கா, எங்க வீட்டுத் துணியும் ரெண்டு இருக்குது, சேர்த்துக் காயப்போடறீங்களா?" என்றாள் செல்வி. அப்போதும் சிவப்பு போடவில்லை. சாயங்காலம் சங்கு ஊதும்போது எல்லாவற்றையும் மஞ்சளில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அப்புறம் அந்த இளநீலச் சட்டை வந்தது.

வெளிநாட்டு ஆர்டர். சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். அன்று வியாழக்கிழமை. இரண்டு நாள் விடாமல் மழை பெய்து அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே நீலம் என்றாலும் துணி ஒவ்வொரு உருளையிலும் ஒரு மயிரிழை நிறம் வித்தியாசப்படும். அதனால் வெட்டும்போதே ஒவ்வொரு துண்டிலும் உருளை நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உடம்பும் கையும் ஒரே நம்பராக இருக்க வேண்டும். அந்த மழை ஈரத்தில் ஒரு துணிக்கட்டில் ஸ்டிக்கர்கள் உதிர்ந்துவிட்டன. யாரோ குத்துமதிப்பாகத் திரும்ப ஒட்டி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

செல்வி மிஷினில் ஏழு சட்டை எடுத்தேன். தையலில் ஒரு குறை இல்லை. ஆனால் இடது கை ஏதோ கண்ணை உறுத்தியது. டியூப் லைட்டில் என்ன என்று பிடிபடவில்லை. ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு மணி அடித்தது. தோளில் சட்டையோடு வெளியே குழாயடிப் படியில் போய் டிபன் பாக்ஸைத் திறந்தேன். வெயில் சட்டைமேல் விழுந்தது. உடம்பு வானத்து நீலம், இடது கை துவைத்த நீலம்.

டிபன் பாக்ஸை மூடினேன்.

உள்ளே வந்து வேணுவிடம் காட்டினேன். "மேடம், கண்ணாடி நம்பர் மாத்துங்க" என்றார். சிவண்ணா சார் மீட்டிங் போயிருந்தார். புதிதாக வந்த குவாலிட்டி ஆபீசர் அபிஷேக் இருந்தார். டெக்ஸ்டைல் டிகிரி, நல்ல பையன், எல்லோரையும் ஆன்ட்டி என்பார். நிறம் பார்க்கிற வெளிச்சப் பெட்டிக்குள் சட்டையை வைத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். "ஓகேதான் ஆன்ட்டி" என்றார். அந்தப் பெட்டியில் ஒரு பல்பு செத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதுவும் பிறகு தெரிந்ததுதான்.

டிகிரி படித்தவர் ஓகே என்கிறார். பெட்டி ஓகே என்கிறது. ஐந்தாவது படித்த என் கண் மட்டும் இல்லை என்கிறது. சிவப்பு போட்டால் ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் படிப்பு. படிப்பில் பொய். பொய் தெரிந்தால் வேலை போகும். மகள் அப்போது பி.யு.சி. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என் பையை வாங்கிப் பார்த்து வெளியே அனுப்புகிற மாதிரி கண்ணுக்குள் ஓடியது.

செல்வி மிஷினில் மஞ்சளைத் தொங்கவிட்டேன்.

அவள் வழக்கமாக ஏதாவது சொல்வாள். அன்று கிண்டல் இல்லை. மிஷினை நிறுத்தாமல், குனிந்தபடியே, "அக்கா, கை கலரு மாறியிருக்குதுங்க" என்றாள்.

"உனக்குத் தெரியுதா?"

"காலையில இருந்தே தெரியுதுங்க."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நான் தைக்கிறவ. நான் சொன்னா, டார்கெட் முடிக்க வக்கில்லாம சாக்கு சொல்றான்னு சொல்லுவாங்க. நீங்க செக்கரு, டென்த்து படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா, சொல்லுவீங்கன்னு கம்முனு இருந்தேன்."

பக்கத்து மிஷினில் கஃப் தைக்கிற உமா நிமிராமல், "எனக்கும் தெரிஞ்சுது. செல்வி சொல்லலையே, நமக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு விட்டுட்டேன்" என்றாள். அதற்கு அடுத்தவள் உமாவைப் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒரு லைன் பெண்கள், ஒவ்வொருத்தியும் அடுத்தவளின் மௌனத்தைப் பார்த்துத் தன் கண்ணைத் திட்டிக்கொண்டு, இடது கையைத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. இத்தனை பேரும் என் டென்த்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிவப்பு அட்டையை எடுத்தேன். ஆனால் எங்கே மாட்டுவது? செல்வி மிஷினில் மாட்டினால் அவள் எழுந்து நிற்க வேண்டும். அவள் தையலில் தப்பில்லை. லைனின் தலைமாட்டுக்கு நடந்தேன். வெட்டின துணிக்கட்டுகள் வந்து இறங்குகிற மேஜை அங்கே இருக்கிறது. அதற்குக் கொக்கி கிடையாது, அங்கே யாரும் அட்டை போட்டதில்லை. கீழே கிடந்த நூலைப் பொறுக்கி, அட்டையின் ஓட்டையில் கோத்து, மேஜைக் காலில் கட்டினேன். ஆறு வருஷம் நூலை வெட்டினவள், கட்ட வராமல் மூன்று முடிச்சு போட்டேன்.

"மூணு முடிச்சா? கெட்டியாத்தான் கட்டியிருக்குதுங்கோ" என்றாள் செல்வி. லைன் சிரித்தது. பிறகு லைன் நின்றது.

வேணு ஓடிவந்தார். அவர் கத்தியதை எழுத வேண்டாம், மலரில் போட மாட்டார்கள். அபிஷேக் வந்தார். கடைசியில் சிவண்ணா சார் வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் என் தோளில் இருந்த சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். வெயிலில் சட்டையை உதறிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ரெண்டு கையும் ஒரே நிறம் இல்லைன்னு சொல்றீங்க. ஹௌதா?"

'இல்லாமலும் இருக்கலாம் சார்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஹௌது சார்" என்றேன். ஆமாம்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே வந்து மேஜை டிராயரிலிருந்து ரிப்போர்ட் தாளை எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார். இதற்கு மேல் பொய்க்குக் கையெழுத்துப் போட முடியாது என்று தோன்றியது. வேணு, அபிஷேக், மெக்கானிக் எல்லோரும் நிற்கிறார்கள். முந்தானை வாயில்தான் இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"சார், நான் டென்த் இல்ல. அஞ்சாவதுதான்."

"ஹௌதா?"

"ஹௌது சார்."

ஒரே நாளில் இரண்டு தடவை. சிவண்ணா சார் தாளை என் பக்கமாகத் திருப்பி, விரலால் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். லைன் நம்பர். பீஸ் எத்தனை. என்ன குறை. செக்கர் நம்பர். கையெழுத்து. "இதுல படிப்பு எங்கேம்மா கேட்டிருக்கான்?" என்றார்.

கேட்கவில்லை. அப்படி ஒரு கட்டமே அந்தத் தாளில் இல்லை. இல்லாத கட்டத்துக்குப் பயந்து நாலு வருஷம் எட்டாவது சட்டை எடுத்திருக்கிறேன். வேணு தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அவரைக் கேட்டால் தாள் தப்பு என்பார்.

அந்தத் துணிக்கட்டில் தைத்த இடது கைகளையெல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். "மஞ்சளாவே இருந்திருக்கலாம்ங்க நீங்க" என்று இரண்டு நாளும் செல்வி முனகிக்கொண்டே பிரித்தாள். கன்டெய்னர் சனிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை போனது. வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. ஆபீஸில் கூப்பிட்டார்கள். சிவண்ணா சார் கூட வந்தார். வெகுநேரம் பேசினார்கள். ஐந்தாவது படித்தவளைச் செக்கர் என்று எழுதச் சட்டம் இடம் தரவில்லையாம். வேலையை விட்டு அனுப்பவும் சிவண்ணா சார் இடம் தரவில்லை. ஆகவே ஃபைலில் என்னைத் திரும்ப ஹெல்பர் ஆக்கிவிட்டு, கழுத்துப் பையையும் அட்டைகளையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். ரிட்டையர் ஆகிறவரை அப்படித்தான். நாலு வருஷம் காகிதம் என்னைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் காகிதத்தைவிடப் பெரிதாக இருந்தேன். இரண்டிலும் கொஞ்சம் கஷ்டம் உண்டு. இரண்டாவதில் எட்டாவது சட்டை எடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அபிஷேக்கின் பெட்டிக்குப் புது பல்பு போட்டார்கள். செல்வி என்னை 'ஹெல்பர் மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். சமயத்தில் மஞ்சளும் போட்டேன், மஞ்சளாக இருந்தால்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "வெயில்லதான் கலர் பாக்கணும். நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பவித்ரா சொன்ன இன்னொரு விஷயம். கேமரா ஒரு சட்டைக்குப் பச்சை காட்டிவிட்டதாம். அவளுக்கு என்னமோ காலர் நிறம் உறுத்துகிறதாம். கேமரா கம்பெனியிலிருந்து வந்த ஆள் அதன் பக்கத்திலேயே நிற்கிறாராம். இந்தக் கேமராவில் குறை சொன்னால் நிரப்புகிற ஃபாரத்தில் இப்போது நிஜமாகவே படிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம்.

"நீ பி.காம். தானே. தைரியமா எழுது. உனக்கென்ன பயம்?" என்றேன்.

"அதான்க்கா பயமே. நீங்க தப்பாச் சொல்லியிருந்தா, பாவம் அஞ்சாவதுதானேன்னு விட்டிருப்பாங்க. நான் தப்பாச் சொன்னா, பி.காம். படிச்சும் இது தெரியலையான்னு கேப்பாங்க."

இதை நான் யோசித்ததே இல்லை. படிப்பு வந்தால் இந்தப் பயம் போய்விடும் என்று நம்பித்தான் மகளைப் படிக்க வைத்தேன்.

"இப்ப எங்க நிக்கிற?" என்றேன்.

"குழாயடிப் படியில."

"வெயில் இருக்கா?"

"இருக்கு."

"சட்டை?"

"தோள்லதான்க்கா இருக்கு."

"காலரும் உடம்பும் வேற நிறமா தெரியுது. ஹௌதா?" என்று கேட்டேன்.

போனில் துணி உதறுகிற சத்தம் கேட்டது.

"ஹௌதுக்கா" என்றாள். பிறகு, "பழைய சிவப்பு அட்ட ஒண்ணு டிராயர்ல கிடக்குது. ஆனா இந்தக் கேமராவுல கொக்கி இல்லியேக்கா."

"அங்கே நூலுக்கா பஞ்சம்?" என்றேன்.